ஃபேக்ஸ் சர்வரைக் கிளவுடுக்கு மாற்றினோம்: புதுச்சேரி ஆபீஸ் ஒன்றின் கணக்கும் சிக்கலும்

எங்கள் ஆபீஸில் ஃபேக்ஸ் சர்வர் என்று ஒரு பொட்டி இருந்தது. அதை நிரந்தரமாக அணைத்தாயிற்று. ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து நடுவில் துளையும் போட்டு வாங்கியாயிற்று. வேலை முடிந்த சூட்டோடு எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும். கிளவுடுக்குப் போனால் செலவு குறையும் என்று முதலாளியிடம் சொல்லி அனுமதி வாங்க நினைப்பவர்கள் அவசியம் கடைசி வரை படியுங்கள்.

இந்தக் காலத்திலும் ஃபேக்ஸா என்று கேட்பீர்கள். நாங்கள் செய்வது மெடிக்கல் பில்லிங். லாஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் உள்ள சில கிளினிக்குகளுக்கு இன்சூரன்ஸ் கணக்கு பார்க்கிறோம். அங்கே இந்தத் துறை இன்னும் ஃபேக்ஸை விடவில்லை. சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்பது, நோயாளியின் ரெக்கார்டு அனுப்புவது, மறுக்கப்பட்ட க்ளெய்முக்கு அப்பீல் போடுவது என்று எங்களுக்கு மாதம் ஏறக்குறைய 5,000 பக்கம் போவதும் வருவதுமாக இருக்கும். இது போக 0413 எண்ணில் ஒரு உள்ளூர் ஃபேக்ஸ் மெஷினும் இருந்தது. அதில் டோனர் விளம்பரம் தவிர வேறு எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. அதை விட்டுவிடுவோம்.

பழைய அமைப்பு இதுதான். ஒரு டவர் மெஷின், அதில் லினக்ஸ், ஃபேக்ஸை அனுப்பி வாங்கும் ஹைலாஃபேக்ஸ், போன் அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டரிஸ்க். இரண்டுக்கும் நடுவில் ஐஏஎக்ஸ்மோடம் என்கிற மென்பொருள் மோடம் எட்டு. ஆஸ்டரிஸ்கிலிருந்து இன்டர்நெட் வழியாக அமெரிக்காவில் ஒரு எஸ்ஐபி டிரங்க், அதாவது அங்குள்ள ஒரு கம்பெனி தரும் போன் இணைப்பு. கிளினிக்குகளின் ஃபேக்ஸ் எண்கள் எல்லாம் அந்த டிரங்கில்தான். ஃபேக்ஸ் சத்தம் ஜி.711 என்ற சாதாரணப் பேச்சு ஆடியோவாகவே கடல் தாண்டிப் போகும். பேச்சில் 20 மில்லிசெகண்ட் தொலைந்தால் காது கண்டுகொள்ளாது, மோடம் விடாது. அதனால் வினாடிக்கு 14,400 பிட் வேகத்தை விட்டுவிட்டு 9,600-லேயே கட்டி வைத்திருந்தோம். ஃபேக்ஸைச் சத்தமாக இல்லாமல் தரவாகவே இன்டர்நெட்டில் அனுப்பும் டி.38 என்ற தரம் 1998-லேயே வந்துவிட்டது, ஆனால் ஐஏஎக்ஸ்மோடம் ஆடியோவோடு மட்டும்தான் வேலை செய்யும். சரி, ஓடுகிறதே என்று விட்டு வைத்திருந்தோம். கடற்காற்றுக்கு வருடம் ஒரு தடவை ரேமைக் கழற்றி அதன் முனைகளை அழிரப்பரால் தேய்த்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, யுபிஎஸ் காலி. சனி, ஞாயிறு பரவாயில்லை. திங்கள் ராத்திரி ஷிஃப்ட் தொடங்கும் நேரத்திலும் கரண்ட் வரவில்லை. அமெரிக்காவில் அது தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து வரும் முதல் திங்கள், நாலு நாள் தேங்கியதெல்லாம் ஒரே நாளில் வந்து விழும். மெயிலாக இருந்தால் எங்கோ ஒரு சர்வரில் காத்திருக்கும். ஃபேக்ஸ் என்பது நேரில் வந்து கதவைத் தட்டும் ஆள் மாதிரி. நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், வந்து போனதற்குச் சீட்டுகூட இருக்காது. அந்த வாரம் எத்தனை ஃபேக்ஸ் வராமல் போனது என்பதைக் கண்டுபிடிக்க எங்களிடம் எந்த வழியும் இல்லை.

அதோடு ஒரு கிளினிக்கின் வருடாந்திரப் பாதுகாப்புக் கேள்வித்தாளில் "நோயாளி ஆவணங்கள் எந்த நாட்டில் சேமிக்கப்படுகின்றன?" என்று இருந்தது. எங்கள் பொட்டியில், லாஸ்பேட்டையில் என்று எழுத முதலாளிக்குக் கை வரவில்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் முடிவை எடுக்க வைத்தன.

சேவையைத் தேடும்போது முதல் வடிகட்டி ஹிப்பா, அதாவது நோயாளி விவரங்களைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டம். வெறும் தொலைபேசி இணைப்பு தருகிற கம்பெனிக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. கிளவுட் ஃபேக்ஸ் கம்பெனி நம் ஆவணத்தைச் சேமித்து வைக்கிறது, அதனால் அதோடு, நோயாளி விவரங்களைப் பாதுகாப்போம் என்று உறுதி தரும் பிஏஏ என்கிற ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். ஆவணம் பூட்டித்தான் இருக்கிறது, சாவி எங்களிடம் இல்லை என்று கிளவுட் கம்பெனி சொன்னாலும் தப்பிக்க முடியாது என்பதை அமெரிக்க சுகாதாரத் துறை 2016-லேயே எழுதி வைத்துவிட்டது. விலைப்பட்டியலில் மலிவாக இருந்த பல திட்டங்கள் இங்கேயே அடிபட்டன, ஏனென்றால் பிஏஏ மேல்தட்டுத் திட்டத்தில்தான் கிடைக்கும். மெயிலில் இணைத்து அனுப்பினால் ஃபேக்ஸாகப் போகும் என்ற வசதியையும் வேண்டாம் என்றோம். சப்ஜெக்ட் வரியில் நோயாளி பெயரை யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார். எங்கள் ஸ்கிரிப்ட் அவர்கள் சர்வரோடு நேரடியாகப் பேசும் ஏபிஐ வழியாக மட்டும் என்று முடிவானது. பக்கத்துக்கு 5 சென்ட்.

அனுப்புவதை முதலில் மாற்றினோம். ஊழியர்கள் பிடிஎஃபை ஒரு ஃபோல்டரில் போடுவார்கள், பழைய ஸ்கிரிப்ட் அதை எடுத்து ஹைலாஃபேக்ஸிடம் கொடுக்கும். அதே ஃபோல்டர், அதே பெயர் முறை, உள்ளே மட்டும் பைத்தானில் புது ஸ்கிரிப்ட். ஊழியர்களுக்கு மாற்றம் தெரியவே இல்லை. இந்தக் கட்டம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

பில் வந்ததும் புரிந்தது. அந்த மாதம் நாங்கள் அனுப்பியது 3,200 பக்கம். பில்லில் 5,600. பொய்க்கணக்கு ஒன்றும் இல்லை, ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கிறது: ஒரு பக்கம் என்றால் 60 வினாடி வரையிலான அனுப்பும் நேரம். அதைத் தாண்டினால் அடுத்த பக்கம் என்று கணக்கு. இந்தத் துறையில் பல கம்பெனிகள் இப்படித்தான் எண்ணுகின்றன.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 14,400 பிட் வேகம் என்றால் வினாடிக்கு 1,800 பைட். 60 வினாடிக்கு 1,08,000 பைட். அதாவது ஒரு பக்கம் சுருக்கிய பிறகு 1,08,000 பைட்டுக்குள் இருந்தால் ஒரு பக்கக் காசு, தாண்டினால் இரண்டு பக்கக் காசு. லெட்டர் சைஸ் தாள் ஃபைன் தரத்தில் 1,728 புள்ளி அகலம், 2,156 வரி. சுருக்காமல் அனுப்பினால் கிட்டத்தட்ட 4,66,000 பைட். வெறும் டைப் அடித்த பக்கம் சுருங்கினால் 30,000 பைட் அளவில் வந்து நிற்கும். எங்கள் பக்கங்களில் எது பெருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரு லேப் ரிப்போர்ட், வரி விட்டு வரி வெளிர் சாம்பல் பட்டை அடித்த அட்டவணை. திரையில் பார்க்க அழகு. ஃபேக்ஸுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், சாம்பல் கிடையாது. அதனால் அந்தப் பட்டை முழுவதும் பொடிப் புள்ளிகளாக மாறும். ஃபேக்ஸின் சுருக்கும் முறை நீளமான வெள்ளையையும் நீளமான கறுப்பையும் எண்ணிச் சுருக்குவது, பொடிப் புள்ளியைக் கண்டால் அதற்குச் சுருக்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு பக்கம் 2,90,000 பைட், 161 வினாடி, மூன்று பக்கக் காசு. இன்சூரன்ஸ் அடையாள அட்டையைப் போனில் படம் எடுத்து ஒட்டிய பக்கங்கள் இதைவிட மோசம்.

அப்புறம் ஏன் பழைய சர்வரில் இது தெரியவில்லை? அங்கே நிமிடக் கணக்கு, நிமிடம் ஒரு சென்ட். மூன்று நிமிடம் ஆனாலும் மூன்று சென்ட்தான். யாரும் கவனிக்கவில்லை.

தீர்வு அனுப்பும் முன்பே பக்கத்தைச் சுத்த வெள்ளை, சுத்தக் கறுப்பாக்குவது. முதலில் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளில் ஒரே அளவுகோலை வைத்து வெட்டிப் பார்த்தேன்: 60 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் என்றால் வெள்ளை, கீழே என்றால் கறுப்பு. சாம்பல் பட்டை போயே போச்சு. கூடவே டாக்டர் வெளிர் நீல மையில் போட்ட கையெழுத்தும் போச்சு. கையெழுத்து இல்லாத அனுமதிக் கடிதத்தை இன்சூரன்ஸ்காரர்கள் குப்பையில்தான் போடுவார்கள். அப்புறம் 'லாட்' என்ற வழிக்கு மாறினேன். இது ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும். 25 பிக்சல் சதுரம் எங்களுக்குச் சரியாக அமைந்தது. கையெழுத்து நின்றது, பட்டை மறைந்தது. அதே லேப் ரிப்போர்ட் 38,000 பைட்டுக்கு வந்தது, 21 வினாடி. அடுத்த மாத பில்லில் உண்மைப் பக்கத்துக்கும் கணக்குப் பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ராத்திரி ஷிஃப்டின் பொறுப்பில் இருக்கும் அக்கா ஒருவர் உண்டு. ஃபேக்ஸ் கன்ஃபர்மேஷன் தாளைப் பத்திரப்பதிவு ரசீது மாதிரி பாதுகாப்பவர். அவர் சொன்னார்: "தம்பி, இந்த ஃபேக்ஸ் 18 பக்கம். 'டெலிவர்டு'னு ஒரே வார்த்தை வந்திருக்கு. 18-ம் போச்சா?"

நியாயமான கேள்வி. ஃபேக்ஸ் நெறிமுறையில் ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் எதிர்முனை மெஷின் 'வாங்கிக்கொண்டேன்' என்று தனியாகச் சொல்லும். ஹைலாஃபேக்ஸின் லாக் என்கிற பதிவேட்டில் அது பக்கம் பக்கமாக விழும். கிளவுடில் ஒரே வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. மெடிகேரில், அதாவது முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸில், முதல் கட்ட அப்பீலுக்கு 120 நாள் கெடு. 119-ம் நாள் அனுப்பியதை வரவில்லை என்று அவர்கள் சொன்னால் நாம் காட்ட வேண்டியது அந்த லாக்கைத்தான். தேடிப் பார்த்ததில் ஏபிஐ விவரங்களில் போன பக்கங்களின் எண்ணிக்கை, எதிர்முனை மெஷின் தன்னைச் சொல்லிக்கொண்ட பெயர், பேசிய வினாடிகள் எல்லாம் இருந்தன, அவர்கள் தரும் அழகான கன்ஃபர்மேஷன் தாளில்தான் இல்லை. நாங்களே ஒரு தாள் தயாரித்து, கொடுத்த பக்கமும் போன பக்கமும் ஒத்துப்போனால் மட்டும் பச்சை என்று வைத்தோம். அக்கா ஒரு வாரம் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று தேதி. ஃபேக்ஸ் பக்கத்தின் நெற்றியில் தேதி, நேரம், அனுப்புபவர் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1991-ல் வந்த சட்டம். புதுச் சேவை அதை அச்சடித்தது, ஆனால் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். யுடிசியில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. அந்த நேரம் கலிஃபோர்னியா கிளினிக்குக்குக் குளிர்காலத்தில் மாலை நாலு மணி. அவர்களுடைய வேலை நாள் முடியும் முன்பே அனுப்பிய ஃபேக்ஸில் மறுநாள் தேதி. கெடு நாளில் இப்படிப் போயிருந்தால் சண்டைதான். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக நேர மண்டலம் போடும் அமைப்பு மூன்று திரைக்கு உள்ளே ஒளிந்திருந்தது.

வரும் ஃபேக்ஸை எப்படி வாங்குவது என்பதில்தான் எனக்கு அதிக யோசனை. எல்லோரும் வெப்ஹுக் வையுங்கள் என்பார்கள்: ஃபேக்ஸ் வந்ததும் கிளவுட் நம் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும். ஆனால் கேட்கும் காது ஆபீஸில் இருந்தால் அடுத்த புயலில் அதே கதை. வெளியில் ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுத்தால் அந்தக் கம்பெனியோடும் ஒரு பிஏஏ போட வேண்டும். அதனால் நாங்களே இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை போய் "கடைசியாகப் பார்த்ததற்கு அப்புறம் என்ன வந்தது?" என்று கேட்கிற மாதிரி வைத்தோம். கரண்ட் போனால் போகட்டும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து கேட்கும். பழைய பாணிதான், இரண்டு நிமிடத் தாமதம் பில்லிங் வேலையில் யாருக்கும் உறைக்காது. ஆவணமும் அங்கேயே இருக்கிறது, ஊழியர்கள் அதை அமெரிக்காவில் உள்ள கிளினிக்கின் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே திறக்கிறார்கள். இங்கே வருவது பட்டியல் மட்டும்.

எண்களைப் புதுச் சேவைக்கு மாற்றுவது, அதாவது போர்ட்டிங், கடைசியில். பழைய டிரங்கை ரத்து செய்யாமல் இருப்பது முக்கியம், ரத்தான எண்ணை போர்ட் செய்ய முடியாது. போர்ட்டிங்குக்குக் கொடுக்கும் அனுமதிக் கடிதத்தில் இருக்கும் முகவரி பழைய கம்பெனியின் பதிவில் உள்ள முகவரியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு கிளினிக் எப்போதோ இடம் மாறியிருந்தது, பதிவில் பழைய முகவரி. அது திரும்பி வந்தது. திருத்தி அனுப்பி, நாள் குறித்தார்கள். ஏப்ரல் மாதம், அவர்களுக்குக் காலை 11, நமக்கு இரவு எட்டரை.

எட்டரை தாண்டியதும் பழைய சர்வரிலிருந்தே அந்த எண்ணுக்கு ஒரு சோதனை ஃபேக்ஸ் அனுப்பினேன். போனது. கிளவுடில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன், மறுபடி போனது, வரவில்லை. எங்கே போகிறது? பழைய சர்வரின் வரவு ஃபோல்டரைத் திறந்தால் என் சோதனைத் தாள்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பொட்டி தனக்குத்தானே ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய டிரங்க் கம்பெனி தன் உள் அட்டவணையிலிருந்து எண்ணை இன்னும் எடுக்கவில்லை, அதனால் அவர்களுடைய வலையில் கிளம்பும் அழைப்பு வெளியே போகாமலேயே எங்களிடம் திரும்பியது. கிளினிக்கில் ஒருவரைக் கூப்பிட்டு அவர்கள் மெஷினிலிருந்து அனுப்பச் சொன்னால் நேராகக் கிளவுடில் விழுந்தது. ஆக போர்ட் நடந்துவிட்டது. பழைய கம்பெனி அட்டவணையைச் சுத்தம் செய்யும் வரை பழைய சர்வரையும் ஓட விட்டு, இரண்டு பக்கமும் பார்த்தோம். அன்றைக்கே அணைத்திருந்தால் அந்தக் கம்பெனியின் வலையில் இருந்து வருகிற ஃபேக்ஸ் எல்லாம் அடிபட்டிருக்கும்.

அணைக்கும் முன் வந்த ஃபேக்ஸை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ஹைலாஃபேக்ஸின் ஃபேக்ஸ்டிஸ்பேட்ச் கோப்பை வரி வரியாகப் படித்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்ட விதிகள் அதில் நிறைய: இந்த எண்ணிலிருந்து வந்தால் லேப் ஃபோல்டர், இந்த எண்ணிலிருந்து வந்தால் அழித்துவிடு, அதுவும் டோனர் விளம்பரம்தான். இவை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாவற்றையும் புது ஸ்கிரிப்டில் அட்டவணையாகப் போட்டோம். பழைய அனுப்பல் லாக்குகளை என்க்ரிப்ட் செய்து தனியே எடுத்து வைத்தோம்.

பணம் கட்டுவதில் ஒரு திருகல். சேவைக்கு மாதாமாதம் கார்டில் தானாகப் பிடித்தம் என்று பதிந்திருந்தோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். அந்த 5,600 பக்க பில் 280 டாலர், 24,000 ரூபாய் சொச்சம். பிடித்தம் தோற்றது, கணக்கை நிறுத்தப் போவதாக மெயில் வந்தது, அதுவும் பகலில், நாங்கள் தூங்கும் நேரத்தில். இப்போது முன்பணம் போட்டு வைத்து, குறையும்போது நாங்களே ஓடிபி போட்டு நிரப்புகிறோம். ஆடிட்டர் இதற்கு ரிவர்ஸ் சார்ஜில், அதாவது சேவையை வாங்குபவரே வரி கட்டும் முறையில், 18 சதவீத ஜிஎஸ்டி காட்ட வேண்டும் என்றார், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

முழுக் கணக்கு: பழைய சர்வர் டிரங்க், எண்கள், கரண்ட், பேட்டரித் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் எட்டரை ஆயிரம் ரூபாய். இப்போது 22,000. இரண்டரை மடங்கு. முதலாளி முகம் சுளித்தார். புயல் வாரத்தில் வராமல் போன ஃபேக்ஸுக்காகக் கிளினிக்குகளிடம் கேட்டுக்கொண்ட மன்னிப்பை நினைவூட்டியதும் அமைதியானார். எனக்குக் கேட்டால் இந்த விலை சரிதான், ஆனால் மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போகிற வேலை இது இல்லை.

மறுபடி செய்வதாக இருந்தால், ஒப்பந்தம் போடும் முன் எங்களுடைய மிக அசிங்கமான 50 பக்கங்களை, சாம்பல் பட்டை, அட்டைப் படம், மங்கல் கையெழுத்து எல்லாம் சேர்த்து, சோதனைக் கணக்கில் அனுப்பி எத்தனை பக்கமாக எண்ணுகிறார்கள் என்று பார்ப்பேன். ஸ்கேனர்களை ஏ4-லிருந்து லெட்டருக்கு முதல் நாளே மாற்றுவேன், ஏனென்றால் நீளமான ஏ4 சில மெஷின்களில் அடியில் ஒரு துண்டைத் தனிப் பக்கமாகத் துப்புகிறது. போர்ட் சோதனைக்கு வேறு கம்பெனி இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்வேன்.

இன்னும் தீராதது ஒன்று. ஹைலாஃபேக்ஸில் 40 பக்கத்தில் 31-ல் இணைப்பு அறுந்தால் அடுத்த முயற்சி 31-லிருந்து தொடங்கும். இந்தச் சேவை முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது, எதிர்முனையில் முப்பது பக்கம் இரண்டு தடவை விழுகிறது, காசும் இரண்டு தடவை. கேட்டதற்கு அப்படித்தான் என்று பதில் வந்தது. அதனால் 20 பக்கத்தைத் தாண்டும் ரெக்கார்டுகளை ஸ்கிரிப்டே துண்டாக்கி, ஒவ்வொன்றின் முகப்பிலும் 'பகுதி 1/3' என்று போட்டு அனுப்புகிறது. முகப்புத் தாளுக்கும் 5 சென்ட் போகிறது.